பேச்சும் பாடமே: நடுநிலை வகுப்புகளில் வாய்மொழித்திறன்

மொழிப்பாடம் வளர்க்க வேண்டிய அடிப்படைத் திறன்களைக் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் வரிசையிலேயே ஆசிரியர் பயிற்சி நூல்கள் எண்ணுகின்றன. குழந்தை தன் தாய்மொழியைத் தன்வயமாக்கும் வரிசையும் அதுவே. எனினும், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான நடுநிலைப் பருவத்தில் ஒரு மாணவரின் பள்ளி நாளை எடுத்து நோக்கினால் இவ்வரிசை தலைகீழாகியிருப்பது புலப்படும். எழுத்துக்குக் கோடிட்ட ஏடும் சிவப்பு மையின் திருத்தமும் தேர்வின் மதிப்பெண்ணும் உள்ளன. படிப்புக்குப் பாடநூலும் பாடவேளையும் உள்ளன. பேச்சுக்கோ ஆண்டு விழா மேடையும் விடுதலை நாள் உரையும் பேச்சுப் போட்டியும் மட்டுமே எஞ்சுகின்றன. அந்த மேடைகளிலும் ஏற்கெனவே தயக்கமின்றிப் பேசக்கூடிய இரண்டு மூன்று பேரே மீண்டும் மீண்டும் ஏற்றப்படுவதால், பயிற்சி மிகுதியாகத் தேவைப்படும் மாணவர் ஆண்டு முழுவதும் கீழே அமர்ந்து கைதட்டுபவராகவே இருந்துவிடுகிறார்.

பாடநூல்கள் பேச்சை அறவே மறந்துவிட்டன என்று கூற இயலாது. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்ப் பாடநூல்களின் ‘மொழியை ஆள்வோம்’ என்னும் பயிற்சிப் பகுதியில், கொடுக்கப்பட்ட தலைப்பில் இரண்டு நிமிடம் பேசும் பயிற்சி இடம்பெற்றுள்ளது. ஆனால், நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் ஒவ்வொருவரும் முன்னே வந்து இரண்டு நிமிடம் பேசுவதென்றால் எண்பது நிமிடங்கள், அதாவது ஏறத்தாழ இரண்டு பாடவேளைகள் வேண்டும். பாடத்தை முடிக்கும் நெருக்கடியில் உள்ள ஆசிரியர் அதற்குத் துணிவது அரிது. எனவே, பேச்சுப் பயிற்சி சிலருக்கு மட்டும் கிட்டுவதற்குக் காரணம் அக்கறைக் குறைவு மட்டுமன்று. ஒருவர் பேச மற்றவர் அனைவரும் கேட்பதே பேச்சுப் பயிற்சி என்று மேடையை மனத்தில் வைத்து எண்ணிப் பழகியதும் ஆகும். பேச்சு என்பது பிறவிக் கொடை அன்று, முறையாகக் கற்பித்தால் எல்லோருக்கும் வரக்கூடிய திறன் என்பதையும், அதைக் கற்பிக்க உகந்த இடம் மேடையைவிட அன்றாட வகுப்பறையே என்பதையும் கடந்த அறுபது ஆண்டுக் கல்வியியல் சிந்தனை தெளிவாக்கியிருக்கிறது.

வாய்மொழித்திறன் என்னும் கருத்து

எழுதப் படிக்கத் தெரிந்த நிலையைக் குறிக்க எழுத்தறிவு என்னும் சொல் நெடுங்காலமாக வழங்கிவருகிறது; பேசவும் கேட்டறியவும் வல்ல நிலையைக் குறிக்க அதற்கு இணையான சொல் கல்வியியலில் இல்லாதிருந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பணியாற்றிய ஆண்ட்ரூ வில்கின்சன் என்னும் கல்வியாளர் 1965இல் இக்குறையை நிரப்ப ‘ஒரசி’ என்னும் ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார். தமிழில் இதனை வாய்மொழித்திறன் எனலாம். ஒரு பொருளுக்குப் பெயர் இல்லாதபோது அதற்குப் பாடவேளையும் இராது, பயிற்சியும் இராது என்பதால் இப்பெயரிடல் சிறு செயல் அன்று. 1975இல் ஆலன் புல்லக் தலைமையிலான குழு அந்நாட்டு மொழிக் கல்வியைப் பற்றி அளித்த அறிக்கை, மாணவரின் பேச்சு, மொழி ஆசிரியருடைய பொறுப்பு மட்டுமன்று, எல்லாப் பாடங்களுக்கும் பொதுவானது என்று வலியுறுத்தியது. 1987 முதல் 1993 வரை அங்கு நடைபெற்ற தேசிய வாய்மொழித்திறன் திட்டம் இக்கருத்தை வகுப்பறைகளுக்குள் கொண்டு சென்றது.

பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் லண்டன் பள்ளி ஒன்றும் இணைந்து வகுத்த சட்டகம், வாய்மொழித்திறனை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது. குரலின் ஏற்ற இறக்கம், வேகம், தெளிவு, முகபாவம், உடல் நிலை ஆகியவை உடல்சார்ந்த கூறு. சொல்வளம், இடத்துக்கேற்ற மொழிநடை, வாக்கிய அமைப்பு ஆகியவை மொழிசார்ந்த கூறு. கருத்தைத் தேர்ந்து வரிசைப்படுத்தல், காரணம் காட்டல், சுருக்கிக் கூறல் ஆகியவை அறிவுசார்ந்த கூறு. பிறர் பேசுவதைக் கேட்டல், முறை வரும்வரை காத்தல், கேட்போரின் நிலையறிந்து பேசுதல், தன்னம்பிக்கை ஆகியவை சமூக, உணர்வுசார்ந்த கூறு. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் பெரும்பாலும் முதலாவது கூறும், ஓரளவு இரண்டாவது கூறும் மட்டுமே பரிசு பெறுகின்றன. காரணம் காட்டலும் கேட்டலும் கவனம் பெறுவதில்லை. உள்ளடக்கத்தைப் பெரியவர் எழுதித் தர, மாணவர் மனப்பாடம் செய்து ஏற்ற இறக்கத்துடன் முழங்குவது ஒப்பித்தல். தன் கருத்தைத் தானே அமைத்துக் கேட்போருக்கு உரியவாறு சொல்வது பேச்சு. ஒப்பித்தலுக்கும் பயன் உண்டு என்றாலும், அது பேச்சுக்கு ஈடாகாது.

இப்பகுப்பைக் காணும் தமிழ் வாசகருக்குத் திருக்குறளின் அதிகார வரிசை நினைவுக்கு வரக்கூடும். வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்காமல், கேள்விக்கும் அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் இனியவை கூறலுக்கும் பயனில சொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்திருக்கிறார். கேட்பது, அவையின் இயல்பறிவது, அச்சம் தவிர்ப்பது, இனிமை, தேவையற்றதை விலக்குவது எனப் பேச்சைப் பல திறன்களின் தொகுப்பாக நோக்கும் பார்வை தமிழுக்குப் புதிதன்று.

கற்பதற்காகப் பேசுதல்

பேசக் கற்றல் ஒன்று. கற்பதற்காகப் பேசுதல் மற்றொன்று. இவ்விரண்டாவதன் மதிப்பை எடுத்துக்காட்டியவர்களுள் டக்ளஸ் பார்ன்ஸ் முதன்மையானவர். மாணவரின் பேச்சில் இருவகை உண்டு என்று அவர் 1970களில் விளக்கினார். முடிந்த முடிவைப் பிறர் முன் ஒழுங்காக எடுத்துரைப்பது ஒருவகை. கருத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே தயங்கியும் திருத்தியும் பாதியில் நிறுத்தியும் பேசுவது மற்றொரு வகை. பின்னதை அவர் தேடல் பேச்சு என்னும் பொருள்படக் குறித்தார். அரைகுறை வாக்கியங்களால் ஆன இப்பேச்சு கேட்பதற்கு அழகற்றதாயினும், புதிய அறிவு பழைய அறிவோடு இணைவது இங்குதான் என்பது அவருடைய முடிபு. தயக்கத்தைப் பிழை என்று எண்ணி ஆசிரியர் உடனே திருத்தினால், சிந்தனை முளைவிடும் இடத்திலேயே கிள்ளப்படுகிறது.

இதே உண்மையைப் பவணந்தி முனிவரின் நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைக் கூறும் இடத்தில், ஒரு கணக்காகவே எடுத்துரைக்கிறது. ஆசிரியர் கூறியதை எவ்வளவு நன்றாக மனங்கொண்டாலும் மாணவருக்குக் கிட்டுவது கல்வியில் கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகி உரையாடுவதால் மற்றொரு கால் பங்கு சேரும். தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால்தான் மீதி அரைப் பங்கும் நிறைவுறும் என்பது அதன் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஓர் இலக்கண நூல், கல்வியின் முக்கால் பங்கை மாணவரின் வாயில் வைத்திருக்க, இன்றைய வகுப்பறை அந்த முதற் கால் பங்கோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

பதினொன்று முதல் பதின்மூன்று வரை

இத்திறனைக் கற்பிக்க நடுநிலைப் பருவம் ஏன் முதன்மையானது என்பதற்கு வளர்ச்சி உளவியல் விடை தருகிறது. கண்முன் உள்ள பொருள்களைத் தாண்டி, ‘இப்படி இருந்தால் என்ன ஆகும்’ என்று கருத்தளவில் எண்ணும் ஆற்றல் ஏறத்தாழப் பதினொரு வயதில் அரும்புகிறது என்று ஜீன் பியாஜே விளக்கினார். காரணம் கேட்பதும், மறுப்பதும், எதிர்ப்பக்கத்தின் நியாயத்தைக் கற்பனை செய்வதும் இவ்வயதில் இயல்பாகத் தொடங்குகின்றன. வீட்டில் இவை எதிர்த்துப் பேசுதலாகத் தோன்றினாலும் விவாதத்திறனின் வித்துகள் இவையே.

அதே வயதில்தான் கூச்சமும் உச்சத்தை அடைகிறது. வளரிளம் பருவத்தினர் எந்நேரமும் எல்லோரும் தம்மையே உற்று நோக்குவதாக உணர்வதை டேவிட் எல்கைண்ட் 1967இல் ‘கற்பனை அவை’ என்னும் பொருளில் பெயரிட்டு விளக்கினார். ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையத் தொடங்குகிறது. பெண் பிள்ளைகளிடம் ‘சத்தமாகப் பேசாதே’ என்னும் கண்டிப்பு வீட்டில் கூடுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை கையுயர்த்திக்கொண்டே இருந்த பிள்ளை ஏழாம் வகுப்பில் தலைகுனிந்து அமர்வதற்கு அறியாமையன்றி இந்த அச்சமே காரணமாக இருக்கக்கூடும். சிந்தனை விரியும் நேரத்தில் வாய் மூடிக்கொள்வதால், இவ்விரண்டுக்கும் இடையே பாலம் அமைக்கும் கடமை பள்ளிக்கு உண்டு. இப்பருவத்தில் இறுகிப்போகும் மௌனத்தைப் பின்னர் உயர்நிலை வகுப்பிலோ கல்லூரியிலோ தளர்த்துவது கடினம்.

வகுப்பறையில் யார் பேசுகிறார்

வகுப்பறைப் பேச்சின் வழக்கமான அமைப்பை சின்கிளேர், கூல்தார்டு என்னும் மொழியியலாளர்கள் 1975இல் மூன்று படிகளாக விவரித்தனர்: ஆசிரியர் வினவுகிறார், மாணவர் விடையளிக்கிறார், ஆசிரியர் அவ்விடையை மதிப்பிடுகிறார். ‘ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான வாயு எது?’, ‘கார்பன் டை ஆக்சைடு’, ‘சரி, உட்கார்’ என்று முடியும் இவ்வுரையாடலில் மாணவரின் பங்கு ஒரு சொற்றொடரே. ‘அந்த வாயு இலைக்குள் எப்படிப் போகிறது என்று நினைக்கிறாய்?’ என்று மூன்றாம் படியில் மதிப்பீட்டுக்குப் பதிலாக மேலும் ஒரு வினா எழுந்தால், அதே பாடம் பேச்சுப் பாடமாகவும் மாறிவிடுகிறது.

வினாவுக்குப் பின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதும் பெரும் வேறுபாட்டை விளைவிக்கிறது. அமெரிக்க ஆய்வாளரான மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருப்பதைக் கண்டறிந்தார். அதை மூன்று நொடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, விடையளிக்காமல் விடுவோர் குறைந்தனர், வழக்கமாகப் பேசாத மாணவரும் பேசத் தொடங்கினர். பொருட்செலவே இல்லாத சீர்திருத்தம் இது. ஆயினும், மௌனத்தைத் தாங்கிக்கொள்ளும் பழக்கம் ஆசிரியருக்கு வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் பொறுப்பு வகுப்புத் தலைவருக்கு அளிக்கப்படுவது நெடுநாள் வழக்கம். ஒழுங்கைக் காக்கும் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே எனினும், பேச்சு என்றால் குற்றம், மௌனம் என்றால் நற்பண்பு என்னும் பாடத்தை இவ்வழக்கம் ஆண்டுக்கணக்கில் புகட்டிவிடுகிறது. அப்படிப் பழக்கிய மாணவரைத் திடீரென ஒரு நாள் மேடையில் நிறுத்தி வாய் திறக்கச் சொல்வது நியாயமாகாது.

இரட்டை வழக்கும் மாணவரின் நாவும்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலும் ஓர் இடர் உண்டு. ஒரே மொழியில் எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வடிவமும், வீட்டுக்கும் தெருவுக்கும் மற்றொரு வடிவமும் வழங்குவதை மொழியியலில் இரட்டை வழக்கு என்பர். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இதனை விரிவாக வரையறுத்தார். தமிழ் இதற்கு நன்கறியப்பட்ட சான்று. ‘வந்துக்கிட்டு இருக்காங்க’ என்று நினைக்கும் மாணவர் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று வாய்க்குள் மாற்றிய பின்னரே வகுப்பில் பேச வேண்டுமெனில், சிந்தனைக்குரிய உழைப்பு மொழிமாற்றத்தில் செலவாகிவிடுகிறது. வட்டார வழக்கைக் கேட்டு வகுப்பு சிரித்துவிட்டாலோ அம்மாணவர் அடுத்த முறை எழுந்து நிற்பதில்லை.

இதற்குத் தீர்வு செந்தமிழைக் கைவிடுவதும் அன்று, பேச்சுத்தமிழைப் பழிப்பதும் அன்று; எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதையே ஒரு திறனாகக் கற்பிப்பதாகும். குழுவாகக் கூடிச் சிந்திக்கும்போது வீட்டு வழக்கில் பேசவும், முடிவை வகுப்பின் முன் கூறும்போது பொதுத்தமிழுக்கு மாறவும், அறிக்கையாக எழுதும்போது எழுத்துத்தமிழைக் கையாளவும் மாணவரைப் பழக்கினால், ஒரே கருத்து மூன்று நடைகளில் உருப்பெறுவதை அவர் தாமே உணர்வார். சிங்கப்பூரின் தமிழ்க் கல்வி 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் வெளிப்படையான இடமளித்தது இங்கு எண்ணத்தக்கது; அங்குள்ள தேர்வுகளில் வாய்மொழித் தேர்வும் ஒரு பகுதியாக உள்ளது. வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ இந்தியோ பேசும் பிள்ளைகளுக்கும், ஆங்கில வழியில் பயிலும் பிள்ளைகளுக்கும் இவ்வணுகுமுறை பொருந்தும்: முதலில் கருத்து எளிதாக வரும் மொழியில் பேசட்டும், பிறகு அவைக்குரிய மொழிக்கு அதைக் கொண்டுவரட்டும்.

கற்பிக்கும் முறைகள்

மேலே கூறிய எண்பது நிமிடச் சிக்கலுக்கு எளிய விடை, வகுப்பை இருவர் இருவராகப் பிரிப்பதே. ஒரே பெஞ்சில் அமர்ந்துள்ள இருவர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் நான்கே நிமிடங்களில் நாற்பது பேரும் பேசிவிடுகின்றனர். ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை இதற்கு ஒழுங்கு தருகிறது: வினாவைப் பற்றி முதலில் தனியே எண்ணுதல், பின்னர் அருகிலிருப்பவரிடம் கூறுதல், அதன்பின் வகுப்பின் முன் பகிர்தல். ஒருவரிடம் சொல்லிப் பார்த்த கருத்தையே மீண்டும் சொல்வதால் கூச்சமுள்ள மாணவருக்கும் துணிவு பிறக்கிறது. வகுப்பின் முன் பகிரும்போது தன் கருத்தையன்றித் தன் இணையர் கூறியதை எடுத்துரைக்கச் சொன்னால், கேட்டலும் அங்கேயே பயிற்சி பெறுகிறது.

நால்வர் குழுவாகப் பேசும்போது விதிகள் தேவை. நீல் மெர்சரும் அவருடைய சக ஆய்வாளர்களும் குழுப்பேச்சை மூவகையாகக் கண்டனர்: காரணமின்றி மாறி மாறி மறுக்கும் சண்டைப் பேச்சு, எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லும் ஒத்தூதும் பேச்சு, காரணம் கேட்டும் காரணம் கூறியும் முன்னேறும் தேடல் பேச்சு. மூன்றாவது வகை தானாக வருவதில்லை. எல்லோரும் பேச வேண்டும், கருத்தோடு காரணமும் கூற வேண்டும், ஆளையன்றிக் கருத்தையே மறுக்க வேண்டும், முடிவெடுக்கும் முன் ஒருமித்து வர முயல வேண்டும் என்னும் விதிகளை மாணவரே கூடி வகுத்துச் சுவரில் எழுதி ஒட்டுவது பயன் தரும். இத்தகைய விதிகளோடு பேசப் பழகிய ஆங்கிலேயத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள், சொற்களே இடம்பெறாத வடிவப் புதிர்களைக் குழுவாக மட்டுமின்றித் தனியாகவும் முன்னைவிட நன்றாக விடுவித்ததை அவ்வாய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். சேர்ந்து பேசிய முறை தனியே எண்ணும் முறையாக உள்ளே இறங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

மாணவருக்குப் பேசும் கருத்து இருந்தும் பேசத் தொடங்கும் சொல் கிடைக்காமல் போவதுண்டு. ‘நீ சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம்’, ‘எனக்கு அது வேறு மாதிரி தோன்றுகிறது, ஏனென்றால்’, ‘இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா’ போன்ற தொடக்கத் தொடர்களைக் கரும்பலகையில் எழுதிவைத்தால் அவை படிகளாக உதவும். சில வாரங்களில் அவை மாணவரின் சொந்தப் பேச்சாகிவிடும். அப்போது அவற்றை அழித்துவிடலாம்.

பாடப்பொருளே பேச்சுக்கான பொருளாக வேண்டும். கணக்கில் விடையைவிட விடைக்கு வந்த வழியைச் சொல்லச் செய்தல், அறிவியலில் செய்த சோதனையைப் பார்க்காதவருக்கு விளக்கச் செய்தல், சமூக அறிவியலில் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அந்த ஊர்க் குளத்தின் பழைய நிலையைக் கேட்டுவந்து கூறச் செய்தல் ஆகியவை தனிப் பாடவேளை வேண்டாதவை. எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உருவாக்கிய துண்டுப்புதிர் முறையில், பாடத்தின் ஒவ்வொரு பகுதியையும் குழுவில் ஒருவர் மட்டும் கற்று மற்றவருக்குக் கற்பிக்கிறார். ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குத் தேவையான ஏதோ ஒன்று இருப்பதால் எவரையும் பேசவிடாமல் ஒதுக்க முடிவதில்லை. நன்னூல் கூறும் கடைசி அரைப் பங்கு இங்கே ஒவ்வொரு மாணவருக்கும் கிட்டுகிறது.

அவை முன் பேசும் பயிற்சிக்கும் உரிய இடம் உண்டு. முழு உரையையும் எழுதி மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, நான்கைந்து குறிப்புச் சொற்களை மட்டும் ஒரு சிறு அட்டையில் எழுதிக்கொண்டு பேசப் பழக்கலாம். ஒரு வரி மறந்தால் முழுப் பேச்சும் சரிந்துவிடும் அச்சம் அதனால் நீங்கும். தொடங்கும் முன் மூச்சை நிதானப்படுத்துதல், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுதல், ஒரு கருத்து முடிந்ததும் சற்று நிறுத்துதல் ஆகியவை தனித்தனியே பழகத்தக்கவை. விவாதத்தில் மாணவர் தாம் நம்பாத பக்கத்துக்காகவும் ஒருமுறை வாதிடச் செய்வது, பிறர் நியாயத்தை உணரும் பழக்கத்தைத் தருகிறது. திக்கிப் பேசும் பிள்ளைகளின் வாக்கியத்தை மற்றவர் முடித்துவைக்காமல் காத்திருப்பதும், செவித்திறன் குறைந்த பிள்ளைகளின் சைகை மொழியைப் பேச்சாகவே மதிப்பதும் வகுப்பு முழுமைக்கும் உரிய பாடங்கள்.

மதிப்பிடும் முறை

மதிப்பிடப்படாத திறன் புறக்கணிக்கப்படும். தவறாக மதிப்பிடப்படும் திறனோ வெறுக்கப்படும். தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை அறிமுகமான தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும், கற்றலின் ஊடே நிகழும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் வகுத்தது. செயல்பாடுகளுக்கு உரிய அப்பகுதியில் பேச்சுக்கும் கேட்டலுக்கும் இடமளிக்க முடியும். ஆசிரியர் ஒவ்வொரு நாளும் ஐந்து மாணவரை மட்டும் கவனித்து, காரணம் கூறினாரா, பிறர் கருத்தைத் தொட்டுப் பேசினாரா, கேட்போருக்கு விளங்கச் சொன்னாரா என்னும் மூன்று வினாக்களுக்குக் குறிப்பெழுதினால், நாற்பது பேரையும் எட்டு நாள்களில் கவனித்துவிடலாம். அக்குறிப்பில் மாணவரை மாணவரோடு ஒப்பிடாமல், அவருடைய இன்றைய பேச்சை அவருடைய முந்தைய பேச்சோடு ஒப்பிடுவதே அறமாகும்.

இத்தனை முயற்சியும் நாளைய மேடைப் பேச்சாளர்களை உருவாக்குவதற்காக அன்று. வயிறு எங்கே, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்வதற்கும், நியாய விலைக் கடையில் எடை குறைந்ததை நயமாகச் சுட்டிக்காட்டுவதற்கும், பின்னாளில் கிராம சபையில் எழுந்து தன் தெருவின் குடிநீரைப் பற்றிக் கேட்பதற்கும் தேவைப்படுவது இதே திறன்தான். தன்னிடம் ஒருவர் தகாத முறையில் நடந்துகொண்டதை நம்பிக்கைக்குரிய பெரியவரிடமோ 1098 என்னும் சிறார் உதவி எண்ணிலோ தெளிவாகச் சொல்ல ஒரு பிள்ளைக்கு முடிவதும் முடியாததும், அதுவரை அதன் பேச்சுக்கு எவரேனும் பொறுமையாகச் செவிகொடுத்திருக்கிறாரா என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. ஆசிரியர் வினவிவிட்டுக் காத்திருக்கும் அந்த மூன்று நொடிகளில், தன் சொல்லுக்குக் காத்திருப்பவர் ஒருவர் உண்டு என்பதைப் பின்வரிசைப் பிள்ளை முதன்முறையாக அறிகிறது. வாய்மொழிக் கல்வியின் முதற்பாடம் அதுவே.